டிராமுக்குக் கிடைக்காத பாதை

1953 ஏப்ரல் 12-ஆம் தேதியோடு சென்னையில் டிராம் நின்றுபோனது. அப்போது ராஜாஜி முதலமைச்சர். கம்பெனி நொடித்துவிட்டது, பஸ் வந்துவிட்டது, காலம் மாறிவிட்டது என்றுதான் வழக்கமாகக் காரணம் சொல்வார்கள். மூன்றையும் நான் மறுக்கவில்லை. ஆனால் அதே நகரத்தில் 1931-இல் தொடங்கிய கடற்கரை–தாம்பரம் மின்ரயில் இன்றும் கூட்டம் கூட்டமாக ஆட்களைச் சுமந்துகொண்டு ஓடுகிறது. டிராமும் மின்சாரத்தில்தான் ஓடியது, தண்டவாளத்தில்தான் ஓடியது. பிறகு ஏன் ஒன்று அழிந்தது, மற்றொன்று நிலைத்தது? டிராம் தன் பாதையை ஊரோடு பங்குபோட வேண்டியிருந்தது. ரயிலுக்கு அந்த நிலை இல்லை. சென்னையின் இன்றைய நெரிசலைப் புரிந்துகொள்ள இந்த ஒரு வேறுபாட்டிலிருந்து தொடங்குவதே சரி என்று நினைக்கிறேன்.

மதராஸ் டிராம் 1895 மே 7-ஆம் தேதி ஓடத் தொடங்கியது. இந்தியாவின் முதல் மின்சார டிராம் அதுதான். கல்கத்தாவில் அப்போது குதிரைகள்தான் டிராமை இழுத்துக்கொண்டிருந்தன. லண்டன் தெருக்களுக்கே மின்சார டிராம் 1901-இல்தான் வந்தது. தொடக்கத்தில் தலைக்கு மேலே கம்பி கிடையாது. இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே தரையில் ஒரு நீளமான பிளவு. அதற்கடியில் ஒரு கால்வாய். அந்தக் கால்வாயில் மின்கம்பி. வண்டியின் அடியிலிருந்து நீண்ட ஒரு கை பிளவுக்குள் இறங்கி மின்சாரத்தை வாங்கிக்கொள்ளும். பார்வைக்கு அழகான ஏற்பாடுதான். ஆனால் வடகிழக்குப் பருவமழை பெய்தால் தெருத்தண்ணீர் முழுவதும் சேறோடு இறங்க அந்தக் கால்வாய்தான் வாகாக இருந்தது. மதராஸ் மழையைத் தாங்க முடியாத அந்த முறையைக் கைவிட்டுப் பிறகு மேல்கம்பிக்கு மாறினார்கள். பாரிமுனை, மயிலாப்பூர், ராயப்பேட்டை, புரசைவாக்கம் என்று டிராம் பரவியது. 1921-இல் 24 கிலோமீட்டர் தண்டவாளத்தில் 97 வண்டிகள் ஓடின.

மேல்கம்பி மழைப் பிரச்சினையைத் தீர்த்தது. தெருப் பிரச்சினையைத் தீர்க்கவில்லை. தண்டவாளம் சாலைக்குள் பதிந்து கிடந்தது. மாட்டுவண்டியும் ஜட்காவும் ரிக்‌ஷாவும் பின்னால் வந்த மோட்டார் காரும் அதன்மேல்தான் போயின. முன்னே ஒரு பாரவண்டி நின்றால் டிராம் ஒதுங்கிப் போக முடியாது. கம்பெனி நொடித்தது பணக்கணக்கால்தானே, பாதைக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். தொடர்பு நேரடியானது. டிரைவருக்கும் கண்டக்டருக்கும் நாள் சம்பளம் ஒன்றுதான். வண்டி வேகம் குறைந்தால் அந்த நாளில் நடைகள் குறையும், நடை குறைந்தால் டிக்கெட் வசூல் குறையும். இடுக்கில் புகுந்து முந்திப்போகும் பஸ்ஸிடம் பயணியை இழக்க இதுவே போதும். டிராம்தான் நெரிசலுக்குக் காரணம் என்று சொன்னவர்கள், நெரிசலால் முதலில் அடிபட்டதும் டிராம்தான் என்பதைப் பார்க்கவில்லை.

தெற்கே நடந்ததைப் பாருங்கள். தென்னிந்திய ரயில்வே 1931-இல் கடற்கரையிலிருந்து தாம்பரம்வரை மீட்டர்கேஜ் பாதையை மின்மயமாக்கி ஓட்டியபோது வழியில் பெரும்பகுதி வயலும் ஏரியும்தான். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பு, 1920-களில், ஏரிப் பகுதியைத் தூர்த்து தியாகராய நகர் உருவாகியிருந்தது. மாம்பலம் ஸ்டேஷன் அதற்கு வாசலானது. பிறகு குரோம்பேட்டை, பல்லாவரம் என்று ஊர் தண்டவாளத்தைத் தொடர்ந்தே வளர்ந்தது. 2004-இல் மீட்டர்கேஜ் போய் அகலப்பாதை வந்தது, வண்டிகள் மாறின, ஆனால் பாதை பறிபோகவில்லை. மவுண்ட் ரோடில் எவ்வளவு கார் நின்றாலும் சைதாப்பேட்டையைத் தாண்டும் மின்ரயிலுக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

தனிப்பாதை இருந்தால் போதுமா என்றால், போதாது. சென்னையின் பறக்கும் ரயில் அதற்குச் சாட்சி. 1995-இல் சேப்பாக்கம்வரையும் 1997-இல் மயிலாப்பூர்வரையும் 2007-இல் வேளச்சேரிவரையும் அது நீண்டது. அதற்குத் தனிப்பாதை உண்டு, தடங்கலே கிடையாது. ஆனால் நிலம் எடுக்கும் சிரமத்தைத் தவிர்க்க நெடுந்தூரம் பக்கிங்காம் கால்வாயை ஒட்டியே கட்டினார்கள். கால்வாய் போன இடத்துக்கு ரயில் போனது. மக்கள் போக விரும்பிய இடத்துக்கு அல்ல. பல ஸ்டேஷன்களின் வாசலில் பஸ் நிற்க இடமில்லை. வேளச்சேரியிலிருந்து பரங்கிமலைவரை இணைக்க வேண்டிய ஐந்து கிலோமீட்டர் நிலத்தகராறில் ஆண்டுக்கணக்கில் கிடந்தது. இதைக் காட்டித் தனிப்பாதையே வீண் என்பது தவறு. எங்கே போடுகிறோம், எதோடு சேர்க்கிறோம் என்பதைப் பொறுத்தது அதன் பயன்.

இதைவிட வலுவான மறுப்பு டெல்லியிலிருந்து வருகிறது. அங்கே 2008-இல் அம்பேத்கர் நகரிலிருந்து மூல்சந்த்வரை ஆறு கிலோமீட்டருக்கும் குறைவாக பஸ்ஸுக்குத் தனித்தடம் போட்டார்கள். கார்க்காரர்கள் கொதித்தார்கள், நீதிமன்றம் போனார்கள். 2012-இல் உயர்நீதிமன்றம் தடத்தின் பக்கமே நின்றது. ஆனாலும் 2016-இல் அதை இடிக்கத் தொடங்கிவிட்டார்கள். சிக்னல் அமைப்பில் குறைகள் இருந்தன என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் அந்தத் தடத்தில் போன பஸ் பயணிகளின் எண்ணிக்கை ஊர்ப் பேச்சில் எடுபடவில்லை. நின்ற கார்களின் வரிசைதான் கண்ணில் பட்டது. அறுபது பேர் நிற்கும் ஒரு பஸ், ஒருவர் உட்கார்ந்திருக்கும் காருக்குப் பின்னால் காத்திருப்பதை நாம் இயல்பாக எடுத்துக்கொள்ளப் பழகிவிட்டோம். என்னால் அதை ஏற்க முடியவில்லை.

சென்னை பஸ்ஸுக்கு நேர்ந்ததும் டிராமின் கதைதான். 1972-இல் பல்லவன் போக்குவரத்துக் கழகம் வந்தது, 1973-இல் ஜெமினி மேம்பாலம் வந்தது. மேம்பாலங்கள் நெரிசலை அடுத்த சிக்னலுக்கு நகர்த்தின. பஸ்ஸுக்கென்று ஒரு தடம் மட்டும் வரவில்லை. 2021 மே மாதம் முதல் பெண்கள் சாதாரண நகரப் பஸ்களில் கட்டணமில்லாமல் போகிறார்கள். மிக நல்ல முடிவு. ஆனால் கட்டணமில்லாத பஸ்ஸும் அதே நெரிசலில்தான் நிற்கிறது. வீட்டுவேலைக்குப் போகும் பெண்ணுக்குப் பணம் மிச்சமானாலும் நேரம் மிச்சமாகவில்லை.

இப்போது மெட்ரோவின் இரண்டாம் கட்டத்தில் மாதவரத்திலிருந்து வரும் சுரங்கப்பாதை, அன்று டிராம் ஓடிய புரசைவாக்கம், ராயப்பேட்டை, மயிலாப்பூர் வழியாகத்தான் போகிறது. தரைக்கடியில் ரயிலுக்குத் தனிப்பாதை உறுதி. தரைக்கு மேலே வேலை முடிந்து தடுப்புகளை எடுக்கும்போது சாலையை எப்படியும் புதிதாகப் போட்டாக வேண்டும். அந்தச் சாலையில் அகலம் இருக்கும் இடங்களில் ஒரு தடத்தைப் பஸ்ஸுக்கு ஒதுக்கி, மெட்ரோ வாசலிலேயே பஸ் நிறுத்தத்தையும் வைக்கலாம். கார்கள் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்ட பிறகு கேட்டால் கிடைக்காது. வேலை நடக்கும்போதே மாநகராட்சியும் போக்குவரத்துக் கழகமும் மெட்ரோ நிறுவனமும் இதை முடிவுசெய்து வரைபடத்தில் குறித்துவிட வேண்டும்.