ஆடவர்க்கு ஏற்ற ரஜாய்த் தையல்

வடநாட்டில் வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் முதற் குளிர்காலத்திலேயே ஒரு பாடத்தைக் கற்றுக்கொள்கின்றன. ஊரிலிருந்து கொண்டுவந்த பருத்திப் போர்வை மார்கழி மாதத்துத் தில்லிக் குளிருக்கு ஈடு கொடாது. அண்டை வீட்டார் வழிகாட்ட, கடைத்தெருவிற்குச் சென்று பஞ்சு அடைத்த ரஜாய் ஒன்றை வாங்கி வருகிறோம். அதன் பிறகு அதைப் பற்றி எண்ணிப் பார்ப்பதே இல்லை. நாமும் அவ்வாறே இருந்தோம். எண்ணும்படி செய்தவர் நமது தந்தையார்.

அன்னையார் காலமான பின், கும்பகோணத்து வீட்டைப் பூட்டிவிட்டு அவர் நம்முடன் வசிக்க வந்தார். குளிர் தொடங்கியதும் ஜயப்பூர் ரஜாய் ஒன்று வாங்கி அவர் கட்டிலில் வைத்தோம். இளஞ்சிவப்பு நிறம், பூவும் கொடியுமாக அச்சிட்ட துணி, அதன்மீது இதழ் இதழாக ஓடிய தையல். அவர் அதை நான்காக மடித்துக் கால்மாட்டில் வைத்துவிட்டுத் தமது பழைய போர்வையைப் போர்த்துக்கொண்டு படுத்தார். காரணம் கேட்டோம். "இது பெண்டுகள் போர்த்துவதடா, எனக்கு வேண்டாம்" என்றார். இரண்டு இரவுகள் இருமிக்கொண்டே இருந்தார். மூன்றாம் நாள், அவருக்கென வேறொரு ரஜாய் தைக்கச் சொல்லலாம் என்று இயந்திரத் தையற்காரர் ஒருவரை நாடிச் சென்றோம். அவர் கரு நீலத் துணியை விரித்துப் போட்டு, "ஆண்பிள்ளைக்கு என்றால் எந்தக் கோலம் ஓட்டட்டும்?" என்று வினவினார். நம்மிடம் விடை இல்லை. இரண்டு நாள் தவணை கேட்டுத் திரும்பினோம். அவ்விரண்டு நாட்களில் நாம் படித்து அறிந்தவற்றை நேயர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் தையலின் தொழில் யாது என்று பார்ப்போம். ரஜாய்க்கு மூன்று அடுக்குகள் உண்டு: மேல்துணி, நடுவே பஞ்சு, அடித்துணி. இம்மூன்றையும் ஊடுருவிச் செல்லும் தையல் இல்லையேல், நான்கு நாள் போர்த்தியதும் பஞ்சு திரண்டு மூலைகளில் ஒதுங்கிவிடும். மார்பின்மேல் வெறுந்துணியே எஞ்சும். ஆகவே தையல் பஞ்சிற்கு இட்ட வேலி. அழகு பின்னர் வந்து சேர்ந்தது.

அவ்வேலி ஆடவரின் உடலைக் காத்த வரலாறு நெடியது. இடைக்கால ஐரோப்பாவில் போர்வீரர்கள் இரும்பு வளையங்களால் ஆன கவசத்தின் கீழே திணிப்பு வைத்துத் தைத்த தடித்த அங்கியை அணிந்தனர். இங்கிலாந்தின் 'கரிய இளவரசன்' எனப் பெயர் பெற்ற எட்வர்டு 1376-ஆம் ஆண்டில் இறந்தான். அவனுக்குரிய வெல்வெட்டு மேலங்கி ஒன்று கான்டர்பரி பேராலயத்தில் இன்றும் காக்கப்பட்டு வருகிறது. அதில் தையல் மேலிருந்து கீழாக நேர்கோடுகளாக இறங்குகிறது. 'ஆண்மைக்குரிய கோலம் நேர்கோடு' என்போர்க்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டுவதில்லை. ஆயின் அதே அங்கியின்மீது பொன்னிழையால் அமைந்த சின்னங்களை நோக்குங்கள்: இங்கிலாந்தின் சிங்கங்களோடு பிரான்சின் லில்லி மலர்களும் உள்ளன. மலரை மார்பில் தாங்குவதை அப்போர்வீரன் இழிவென்று கருதவில்லை.

நம் நாட்டிலும் இராஜபுத்திர அரசர்கள் குளிர்காலத்தில் 'ஆத்மசுக்' என்னும் நீண்ட, திணிப்புள்ள தளர்ந்த அங்கியை அணிந்தனர். 'ஆன்மாவிற்கு இதம்' என்பது அப்பெயரின் பொருள். 1750 முதல் 1768 வரை ஜயப்பூரை ஆண்ட முதலாம் மாதோ சிங் பேருடல் வாய்ந்தவர். அவருடைய மிகப் பெரிய ஆடைகளை அந்நகரத்து அரண்மனை அருங்காட்சியகத்தில் காணலாம். வங்காளத்திலோ பதினாறு, பதினேழாம் நூற்றாண்டுகளில் போர்த்துக்கீசிய வணிகர்களுக்கென மஞ்சள் நிற டசர் பட்டிழையால் மெத்தை விரிப்புகளைத் தைத்தனர். வேட்டையாடும் வீரரும் கப்பலும் பூங்கொடியும் ஒரே துணியில் அங்கே அருகருகே வாழ்ந்தன.

இனி, பூவேலை பெண்டிர்க்கே உரியது என்னும் கருத்தைச் சற்று ஆராய்வோம். வட இங்கிலாந்தின் நார்தம்பர்லாந்தில் ஜோசப் ஹெட்லி என்றொருவர் வாழ்ந்தார். தையற்கலை பயின்றவர், மெத்தைப் போர்வை தைப்பதில் சிறந்து, 'போர்வைக்கார ஜோ' என்றே ஊரார் அழைக்கும் புகழ் பெற்றார். 1826-ஆம் ஆண்டு தம் குடிசையில் கொலையுண்டார். கொலையாளி அகப்படவே இல்லை. பூக்களும் கனிகளும் அவர் கைவண்ணத்தின் சிறப்பு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அதே வட்டாரத்தில், ஆலன்ஹெட்ஸ் என்னும் சிற்றூரில் கடை வைத்திருந்த ஜார்ஜ் கார்டினர், பிறர் தைப்பதற்கென்று நீல நிறக் கோலால் துணிமீது கோலம் வரைந்து கொடுத்தார். வளைந்தோடும் சுருள்களும் இறகுகளுமே அவர் வரைந்தவை. அவற்றின்மேல் ஊசி ஓட்டிய பெண்டிர் பலர். கோடு போட்டவரோ ஓர் ஆடவர்.

படைவீரர்களும் இக்கலையில் பின்தங்கவில்லை. 1853 முதல் 1856 வரை நடந்த கிரிமியப் போரின் காலத்தில் மருத்துவமனைக் கட்டிலில் அமர்ந்து துணித்துண்டுகளை இணைக்கும் தாமஸ் வாக்கர் என்னும் சிப்பாயை ஓவியர் தாமஸ் வுட் தீட்டியுள்ளார். இந்தியாவில் இருந்த ஆங்கிலப் படையினரும் சீருடைக் கம்பளித் துணியின் சிவப்பு, கறுப்பு, மஞ்சள் துண்டுகளைச் சதுரமாகவும் அறுகோணமாகவும் வெட்டி விரிப்புகளாக இணைத்தனர். கோணக் கோலம் ஆடவருடையது என்பார் இவற்றைச் சுட்டலாம். தடித்த கம்பளியின் சிறு துண்டுகளை இணைக்க நேர்விளிம்பே எளிது. ஆகவே அவர்கள் கைக்கு வந்த பொருளே அக்கோலத்தைத் தந்தது எனலாம்.

பின்னர் இயந்திரம் வந்தது. எலியாஸ் ஹோ 1846-இலும் ஐசக் சிங்கர் 1851-இலும் தத்தம் தையல் இயந்திரங்களுக்கு உரிமை பெற்றனர். இயந்திரத்தின் பற்கள் துணியை நேராக முன்னோக்கித் தள்ளுவன. நேர்கோடும் கட்டமும் அதற்கு எளியவை. வளைவு வேண்டுமெனில் பருத்த ரஜாய் முழுவதையும் சுழற்ற வேண்டும். பற்களைக் கீழிறக்கிவிட்டுத் துணியைக் கையால் நகர்த்தும் முறை பயின்ற பிறகு, இயந்திரமும் கொடியும் இறகும் வரையக் கற்றுக்கொண்டது. ஆயினும் கைத்தையலே உயர்ந்தது என்ற எண்ணம் எளிதில் நீங்கவில்லை. 1989-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பதூக்கா நகரத்துக் கண்காட்சியில் காரில் பிரையர் ஃபாலர்ட் என்னும் பெண்மணியின் இயந்திரத் தையற்போர்வை தலைப்பரிசு பெற்றபோதுதான் அவ்வெண்ணம் பெரிதும் தளர்ந்தது.

இவற்றையெல்லாம் தொகுத்து நோக்கின், கோட்டிற்கு ஆண் பெண் என்ற பேதம் இல்லை என்பது புலனாகும். கவசத்தின் தேவையும் துணியின் தடிப்பும் இயந்திரத்தின் போக்கும் கோலங்களைப் பிறப்பித்தன. அவற்றிற்குப் பால் கற்பித்தது அந்தந்தக் காலத்தின் வழக்கமே.

அங்ஙனமாயின் எதைக் கொண்டு தேர்வது? பஞ்சை முதலில் பார்க்க வேண்டும். கொட்டி நிரப்பிய உதிரிப் பஞ்சு எளிதில் நகரும். அதற்குக் கோடுகள் நெருங்கியிருத்தல் வேண்டும். ஒட்டிய பாளமாக வரும் திணிப்பிற்கு இடைவெளி மிகுந்தாலும் குற்றமில்லை. அளவுக்கு மேல் நெருக்கித் தைத்தால் ரஜாய் விறைத்துப் போகும். பஞ்சில் தங்கும் காற்று குறைந்து கதகதப்பும் குன்றும். அடுத்தது துணி. பூவச்சுத் துணியில் தையல் மறைந்துவிடும், ஒரே நிறத் துணியில் ஒவ்வொரு கோடும் வெளிப்படும், கோணலும் வெளிப்படும். துணியின் நிறத்திலேயே நூல் அமைந்தால் அது சிறு குறைகளை மறைக்கும். மூலைவாட்டில் ஓடும் கோட்டில் துணி இழுபட்டுச் சுருங்கக் கூடுமாதலின், முன்னதாகவே பெருந்தையலிட்டு மூன்று அடுக்கையும் நிலைநிறுத்திக்கொள்வது நலம். இறுதியாக, போர்த்துக்கொள்பவரின் மனம். அதையும் ஒதுக்கிவிடுதல் ஆகாது.

இவ்வரலாறு அனைத்தையும் தந்தையாரிடம் எடுத்துரைத்தோம். போர்வைக்கார ஜோவின் முடிவைக் கேட்டு வருந்தினார். கரிய இளவரசனின் லில்லி மலரைக் கேட்டுப் புன்னகை செய்தார். "எல்லாம் சரிதான். மார்பில் பஞ்சு நகராமல் இருப்பது எதுவோ அதைப் போடச் சொல்" என்றார். பழகிய வீட்டையும் வாழ்க்கைத் துணையையும் இழந்து அயலூரில் வந்து தங்கும் முதியவர், தமக்கு உரியதென ஒன்றைக் கேட்பதில் நியாயம் உண்டு. வரலாறு நம் பக்கம் நின்றது. எனினும் குளிரில் நடுங்குபவரோடு வாதிடுவது அழகன்று. கரு நீலத் துணியில் அதே நிற நூலால், மூன்று விரற்கடைக்கு ஒன்றாக நேர்கோடுகள் ஓட்டச் செய்தோம். அவருக்கு மிகவும் பிடித்துவிட்டது.

தை மாதத்தில் ஒரு நாள் விடியற்காலை, பனிமூட்டம் சாளரத்தை மறைத்திருந்த வேளையில், அவர் அறைக்குச் சென்றோம். நீல ரஜாயின் மேலே, கால்மாட்டில் மடித்துக் கிடந்த பூப்போட்ட ரஜாயும் கழுத்துவரை விரிந்திருந்தது. அவர் அயர்ந்து உறங்கிக்கொண்டிருந்தார். இருமல் இல்லை. கதவை ஓசைப்படாமல் சாத்திக்கொண்டு வந்தோம். அதுபற்றி நாமும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.