உழப்பட்ட கோட்டை: பாஞ்சாலங்குறிச்சியும் திருச்சபையின் வரலாற்று நோக்கும்

திருத்தங்கல், சிவகாசி, சாத்தூர் வட்டாரங்கள் 1910இல் இராமநாதபுரம் மாவட்டம் அமைக்கப்படும்வரை திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்திருந்தன. ஆகவே, கால்டுவெல் அத்தியட்சர் 1881இல் வெளியிட்ட திருநெல்வேலி வரலாறு இவ்வூர்களில் ஊழியஞ்செய்வோருக்கும் தம் மண்ணின் வரலாறேயாகும். அந்நூலின் பிற்பகுதியில் பாஞ்சாலங்குறிச்சியின் வீழ்ச்சி விரிவாகக் கூறப்படுகிறது. அதே ஆண்டுகளில்தான் திருநெல்வேலித் திருச்சபையும் வேரூன்றியது. இவ்விரு நிகழ்ச்சிகளையும் எவ்வாறு இணைத்து நோக்குவது என்பதே ஈண்டு நாம் ஆராயும் பொருள்.

1. பாளையமும் குலமும்

16ஆம் நூற்றாண்டில் மதுரையை ஆண்ட விசுவநாத நாயக்கரும் தளவாய் அரியநாத முதலியாரும் நாட்டை 72 பாளையங்களாக வகுத்தனர் என்பது மரபு. பாளையக்காரர் தம் எல்லையில் வரி தண்டினர், வழக்குத் தீர்த்தனர், அரசருக்கு வேண்டும்போது படை அனுப்பினர். பாஞ்சாலங்குறிச்சியை ஆண்ட கட்டபொம்மு மரபினர் தெலுங்கு பேசும் இராசகம்பளத்தார். சக்கம்மாள் அவர்தம் குலதெய்வம். அவர்களுடைய கோட்டை கருங்கல்லால் ஆனதன்று. ஏறத்தாழ 500 அடி நீளமும் 300 அடி அகலமும் 12 அடி உயர மதிலும் உடையதாய், இறுகிய மண்ணாலேயே எழுப்பப்பட்டது.

2. இரு முற்றுகைகள்

1792இல் பாளையக்காரரிடம் கப்பம் வாங்கும் உரிமை நவாபிடமிருந்து கும்பினியாருக்குக் கிடைத்தது. கப்ப நிலுவை பற்றிய பிணக்கு முற்றி, 1798 செப்டம்பரில் இராமநாதபுரத்தில் கலெக்டர் ஜாக்சன் முன்னிலையில் கைகலப்பாக வெடித்தது. 1799 செப்டம்பர் 5ஆம் நாள் மேஜர் பானர்மன் கோட்டையைத் தாக்கினார். தப்பிச் சென்ற வீரபாண்டிய கட்டபொம்மன் பிடிபட்டு, அக்டோபர் 16ஆம் நாள் கயத்தாற்றில், மற்றப் பாளையக்காரர் கண்முன்னே தூக்கிலிடப்பட்டார். கோட்டை இடிக்கப்பட்டது.

எனினும் 1801 பிப்ரவரி 2ஆம் நாள், வாய்பேச இயலாத அவர் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையினின்று தப்பினார். சில நாட்களுக்குள் மண்மதில் மீண்டும் எழுந்தது. மார்ச்சு 31ஆம் நாள் நிகழ்ந்த தாக்குதலைக் கோட்டையினர் முறியடித்தனர். கர்னல் அக்னியூ பெரும்படையுடன் வந்து, மே 24ஆம் நாளே அதனைக் கைப்பற்ற முடிந்தது.

அப்போரில் பங்குகொண்ட ஆங்கில அதிகாரி வெல்ஷ் ஒரு செய்தியைப் பதிவுசெய்துள்ளார். பிணங்களிடையே தன் மகனைத் தேடி வந்த தாய் ஒருத்தி, அவன் குற்றுயிராய்க் கிடக்கக் கண்டாள். தன்னை விடுத்து, அருகே காயமுற்றுக் கிடந்த ஊமைத்துரையைக் காப்பாற்றுமாறு மகன் வேண்டினான். பெண்கள் அவரைச் சுமந்து சென்றனர். எதிரிகள் தேடி வந்தபோது, துணியால் மூடி ஒப்பாரி வைத்து, அம்மை நோயில் இறந்தவன் என்றனர். வந்தவர் அஞ்சி அகன்றனர். ஆயினும் பின்னர் ஊமைத்துரை பிடிபட்டு, அவ்வாண்டு நவம்பரில் பாஞ்சாலங்குறிச்சியிலேயே தூக்கிலிடப்பட்டார். கோட்டை இருந்த இடம் உழப்பட்டு ஆமணக்கு விதைக்கப்பட்டது.

3. கால்டுவெல்லும் நாமும்

கால்டுவெல் 1814இல் அயர்லாந்தில், ஸ்காட்லாந்துப் பெற்றோருக்குப் பிறந்தவர். அவர் பிறந்த அல்ஸ்டர் நாடும் இத்தகைய அழிவைக் கண்டதே. 1602இல் ஆங்கிலத் தளபதி மவுண்ட்ஜாய், ஓ நீல் குலத்தலைவர்கள் பதவியேற்கும் கல்லாசனத்தை உடைத்தெறிந்தார். வென்றோர் மதிலோடு மரபின் அடையாளத்தையும் அழிக்க முற்படுவர் என்பதற்கு இரு நாடுகளும் சான்று. கால்டுவெல் வெல்ஷின் குறிப்பைப் பயன்படுத்தி, தோற்றவரின் வீரத்தையும் மறைக்காமல் எழுதினார். அதற்காக நாம் அவருக்குக் கடமைப்பட்டுள்ளோம். ஆயினும் மாவட்டம் ஆங்கிலேயர் வசமான 1801ஆம் ஆண்டோடு அவர் தம் நூலை முடித்தார். அந்த முடிவையே இறைவனுடைய தீர்ப்பாகக் கொள்ளும் சோதனை நமக்கு உண்டு.

பாளையங்கோட்டையில் குளோரிந்தா அம்மையார் கட்டிய ஆலயத்தைச் சுவார்ட்ஸ் ஐயர் 1785இல் பிரதிஷ்டை செய்தார். பதினாறு ஆண்டுகளுக்குப்பின் ஊமைத்துரை தப்பியது அதே ஊர்ச் சிறையினின்றுதான். துன்புற்ற புதிய கிறிஸ்தவர்களுக்குப் புகலிடமாக முதலூர் தோன்றியதும், கட்டபொம்மன் மாண்டதும் 1799இலேயே. கும்பினியின் வெற்றியால் நற்செய்திக்கு வழி திறந்தது என்று கூறுவது எளிது. ஆனால் சீயோன் உழுநிலமாகும் என்று முன்னறிவித்த மீகா (3:9-12), அதனைப் பகைவர்மேல் கூறவில்லை; இரத்தப்பழியின்மேல் நகரைக் கட்டிய தன் சொந்த மக்களின் தலைவர்மேலேயே கூறினார். பிறர் கோட்டை உழப்பட்டதைக் கண்டு நாம் நம்மை நீதிமான்களாக எண்ண அவ்வசனம் இடங்கொடாது.

அதுபோலவே, பாளையக்காரர் ஆட்சியைப் பொற்காலமாகப் போற்றுவதும் வரலாறாகாது. அவர்களுடைய வரியையும் ஓயாத பூசல்களையும் சுமந்தவர் குடியானவரே. எட்டயபுரம் பாளையம் கும்பினியின் பக்கம் நின்றதும் மறக்கத்தக்கதன்று.

1974இல் தமிழக அரசு பாஞ்சாலங்குறிச்சியில் நினைவுக் கோட்டை எழுப்பியது. ஆனால் மகனை இழந்த அத்தாயின் பெயரை வெல்ஷும் எழுதவில்லை, கல்வெட்டும் தாங்கவில்லை. திருச்சபை வரலாற்றைக் கற்பிப்போர் முதலூரையும் கயத்தாற்றையும் ஒரே பாடத்தில் கற்பிப்பாராக. கிராமச் சபைகளுக்குச் செல்லும் இளம் போதகர், அங்குள்ள முதியோர் வாய்மொழியாகப் பேணிவரும் செய்திகளைக் குல வேறுபாடின்றிக் கேட்டு எழுதிவைப்பது, பெயரற்றோரையும் பெயர்சொல்லி அறிந்திருக்கும் ஆண்டவருக்குச் செய்யும் ஊழியமேயாகும்.