வெள்ளம் வடிந்த பிறகு...

மணலி பக்கம் சடையங்குப்பம். பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் குடியேறிய பர்மா நகர் அங்கேதான் இருக்கிறது. 2021 நவம்பரில் பூண்டி ஏரியின் உபரிநீர் கொசஸ்தலை ஆற்றில் சீறி வந்து ஊருக்குள் புகுந்தது. தண்ணீர் வடிந்துவிடும், சரி. அடுத்த தடவை மேகம் கறுக்கும்போது வயிற்றைப் பிசைகிறதே, அந்தக் கலக்கம் மூளையை என்ன செய்யும்?

விடையின் முதல் துண்டு எதேச்சையாகத்தான் கிடைத்தது! 1930களில் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஹான்ஸ் செல்யே என்ற இளம் விஞ்ஞானி, பசுவின் சினைப்பைச் சாற்றை எலிகளுக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தார். புதிய பெண் ஹார்மோன் அகப்படும் என்று ஆசை. எலிகளுக்கோ வயிற்றில் புண்! சிறுநீரகத்தின் மேல் குந்தியிருக்கும் அட்ரினல் சுரப்பி வேறு பெருத்துப்போனது. சந்தேகப்பட்டு வெறும் ஃபார்மலினை ஏற்றிப் பார்த்தார். அதே கதை! ஆக, எப்படி வதைத்தாலும் உடம்பு ஒரே மாதிரிதான் அலறுகிறது. 1936-ல் 'நேச்சர்' இதழில் இதைச் சின்னக் கடிதமாக எழுதினார். இன்று நாம் புலம்பும் 'ஸ்ட்ரெஸ்'ஸுக்கு அதுதான் பிள்ளையார் சுழி.

1968-ல் அமெரிக்காவின் புரூஸ் மெக்யூவன் அடுத்த முடிச்சை அவிழ்த்தார். அட்ரினல் ஹார்மோன் எலியின் மூளையில் போய் ஒட்டிக்கொள்ளும் இடம் ஹிப்போகேம்பஸ். ஞாபகங்களைப் பதிவு செய்கிற பகுதி! 1990-ல் அவருடைய குழு இன்னொன்றையும் கண்டது. பெண் எலிக்கு ஈஸ்ட்ரோஜன் ஏறினால் அதே இடத்தில் நரம்பு இணைப்புகள் கூடுகின்றன, இறங்கினால் குறைகின்றன.

இங்கேதான் ஆண், பெண் கதை பிரிகிறது. ஆணுக்கு டெஸ்டோஸ்டிரோன் மெள்ள மெள்ளத்தான் குறையும்; அதில் கொஞ்சத்தை மூளையே ஈஸ்ட்ரோஜனாக மாற்றிக்கொள்ளும். பெண்ணுக்கு மாதவிடாய் நிற்கும் வயதில், சில வருடங்களுக்குள் மளமளவென்று சரிவு. 'அப்போ மாத்திரை போட்டுக்கலாமே?' என்பீர்கள். அவசரப்படாதீர்கள்! 65 வயது தாண்டிய பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டின் சேர்த்துக் கொடுத்த அமெரிக்க ஆய்வில், மறதி நோய் அபாயம் இரு மடங்கானது என்று 2003-ல் தெரிந்தது.

இனி நம்ம பெங்களூர். தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் சுமந்திர சட்டர்ஜியின் குழு, எலிகளை தினம் 2 மணி நேரம், 10 நாள் அசையவிடாமல் அடைத்தது. 2002-ல் முடிவு வந்தது. ஹிப்போகேம்பஸின் நரம்புக் கிளைகள் சுருங்கியிருந்தன; பயத்தைக் கையாளும் அமிக்டலாவில் கிளைகள் வளர்ந்திருந்தன. 21 நாள் ஓய்வு கொடுத்தார்கள். ஞாபகப் பகுதி தேறிவிட்டது. பயத்தின் பகுதி தேறவில்லை!

ஒரு சங்கதி. அவை அத்தனையும் ஆண் எலிகள். இத்துறையில் நெடுங்காலம் அதுதான் வழக்கம். நிவாரணக் கணக்கில் நனைந்த பாய், சட்டிபானை வரும். மாதவிடாய் நிற்கும் வயதில், தூக்கம் கெட்டு, வாசலில் நீர்மட்டம் பார்த்து நிற்கிற பெண்ணின் கலக்கம் எந்தக் கணக்கில் வரும்? சொல்லுங்கள்.