சரபோஜி கேட்ட பளிங்கு

மும்பை சயானில் ஸ்லோ லோக்கல் ஏறினால் சிஞ்ச்போக்லி தாண்டியதும் பைகுல்லா. அங்கே ராணி பாக் வாசலை ஒட்டியிருக்கும் பாவு தாஜி லாட் அருங்காட்சியகத் தோட்டத்தில் கார்ன்வாலிஸுக்கும் வெல்லெஸ்லிக்கும் பளிங்குச் சிலைகள் உண்டு. ஒரு காலத்தில் கோட்டைப் பகுதியில் பெருமையோடு நின்றவை. இன்னும் தெற்கே போனால் 1833-இல் திறந்த டவுன் ஹாலின் கிரேக்கத் தூண்கள். பக்கத்திலேயே செயின்ட் தாமஸ் தேவாலயம். அதற்குள் பம்பாய் கவர்னர் ஜொனாதன் டங்கனுக்கு இளைய ஜான் பேக்கன் செதுக்கிய நினைவுச் சிற்பம். பழைய கிரேக்க, ரோமானியக் கலையை அளவுகோலாக வைத்துக்கொண்டு ஐரோப்பா படைத்த நியோ-கிளாசிக்கல் கலையில் நம் நகரத்துக்கு வந்து சேர்ந்த பங்கு இது. பெரும்பாலும் ஆள வந்தவர்களைப் போற்ற எழுந்த கல்.

அதே லண்டன் பட்டறைகளிலிருந்து அதே காலத்தில் கப்பலேறிய இன்னொரு பளிங்கு தஞ்சாவூரில் இருக்கிறது. அதன் பிறப்பு வேறு மாதிரி. அதைச் செய்யச் சொன்னவர் இந்திய மன்னர். யாருக்காக என்றால், தன்னை வளர்த்த ஆசிரியருக்காக. அந்த மன்னர் மராத்தியர் என்பது சயான், மாதுங்காக்காரர்களான நமக்குக் கூடுதல் நெருக்கம். நாம் மராத்தி மண்ணில் தமிழ் பேசுகிறோம். சிவாஜியின் தம்பி ஏகோஜி வழிவந்த போன்ஸ்லேக்கள் காவிரிக் கரையில் மராத்தி பேசிக்கொண்டு ஆண்டார்கள்.

மன்னர் இரண்டாம் சரபோஜி. ஆசிரியர் கிறிஸ்டியன் ஃப்ரெடரிக் சுவார்ட்ஸ், ஊர் வழக்கில் சுவார்ட்ஸ் ஐயர். ஜெர்மானியர், 1750-இல் தரங்கம்பாடிக்கு வந்த பாதிரியார். தமிழ் கற்றார், தஞ்சை அரண்மனைக்காக மராத்தியும் கற்றார். ஹைதர் அலியின் படையெடுப்பில் தஞ்சைக் கோட்டைக்குள் தானியம் தீர்ந்துபோனது. காசு வராது என்று அஞ்சிய குடியானவர்கள் நெல் கொண்டுவர மறுத்துவிட்டார்கள். பணத்துக்கு நான் பொறுப்பு என்று சுவார்ட்ஸ் சொன்ன பிறகுதான் நெல் மூட்டைகளோடு மாடுகள் கோட்டைக்குள் வந்தன. அரசருக்குக் கிடைக்காத நம்பிக்கை அந்த அந்நியருக்குக் கிடைத்திருந்தது.

1787-இல் மன்னர் துளஜா, சாகும் தறுவாயில், தத்தெடுத்த சிறுவன் சரபோஜியை சுவார்ட்ஸின் பொறுப்பில் விட்டார். ஆனால் அரியணை ஏறியவர் துளஜாவின் சகோதரர் அமர்சிங். தத்து செல்லாது என்று பண்டிதர்கள் கருத்துச் சொன்னார்கள், கிழக்கிந்தியக் கம்பெனியும் ஒப்புக்கொண்டது. சிறுவன் இருட்டறையில், படிப்பில்லாமல் அடைபட்டுக் கிடந்தான். சுவார்ட்ஸ் கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதிப் போராடி, 1793-இல் பையனைச் சென்னைக்கு அனுப்பிவைக்க வழிசெய்தார். அங்கே பாடம் சொல்லிக்கொடுத்தவர் கெரிக்கே என்ற இன்னொரு பாதிரியார். கடைசியில் கம்பெனி மனம் மாறி, 1798-இல் சரபோஜி அரியணையில் அமர்ந்தார். அதைக் காண ஆசிரியர் இல்லை. அதே ஆண்டு பிப்ரவரி 13 அன்று சுவார்ட்ஸ் இறந்துவிட்டார்.

அடக்கத்தின்போது, முகத்தை ஒருமுறை பார்க்க வேண்டும் என்று இருபது வயது சரபோஜி கேட்டதால் காத்திருந்தார்கள். அவர் வந்து அழுதார், பெட்டிமேல் பொன்னாடை போர்த்தினார். பிறகு கல்லறைக் கல்லுக்கு ஆங்கிலத்தில் தாமே செய்யுள் எழுதினார். அதுவும் போதவில்லை. 1801-இல் லண்டனிலிருந்த கிறிஸ்தவ அறிவு வளர்ச்சிச் சங்கத்துக்குக் கடிதம் எழுதி, தம் செலவில் ஒரு பளிங்கு நினைவுச் சிற்பம் வேண்டும் என்று கேட்டார். இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான் உடன்படிக்கையின் பேரில் ஆட்சி அதிகாரம் கம்பெனியின் கைக்குப் போயிருந்தது. நாட்டை ஆள முடியாத மன்னர், தன் நன்றியை எப்படிச் சொல்வது என்பதையாவது தானே முடிவு செய்தார்.

வேலை ஜான் ஃப்ளாக்ஸ்மனிடம் போனது. இதைவிடப் பொருத்தமான கை அப்போது இங்கிலாந்தில் இல்லை என்பது என் எண்ணம். வெட்ஜ்வுட் பீங்கான் பட்டறைக்கு வடிவங்கள் செய்து பழகியவர். ஏழு ஆண்டுகள் ரோமில் இருந்தவர். நிழலே போடாமல் வெறும் கோடுகளால் ஹோமரின் காவியங்களுக்குப் படம் வரைந்து ஐரோப்பா முழுக்கப் பெயர் வாங்கியவர். புடைப்புச் சிற்பம் என்பதே கல்லில் இழுத்த கோடுதான், அதில் அவருக்கு இணை அரிது.

மரணப் படுக்கை அந்தக் காலக் கலையின் தலையாய காட்சி. பாரிஸில் ஜாக் லூயி டேவிட் 1787-இல் நஞ்சுக் கோப்பைக்குக் கை நீட்டும் சாக்ரடீஸைத் தீட்டினார். 1793-இல் குளியல் தொட்டியில் குத்துப்பட்டுக் கிடக்கும் புரட்சியாளர் மாராவை. ஓலம் இல்லை, பதற்றம் இல்லை. சாவிலும் நிதானம் குலையாத மனிதன், அவ்வளவுதான். ஃப்ளாக்ஸ்மன் எடுத்துக்கொண்டதும் அதே மரபைத்தான். சுவார்ட்ஸ் படுக்கையில் கிடக்கிறார். சரபோஜி அவர் கையைப் பிடித்திருக்கிறார். அமைச்சர்கள் அருகே, கெரிக்கே பின்னால். கட்டிலைச் சுற்றிப் பள்ளிச் சிறுவர்கள் மூவர்.

லண்டனில் எத்தனையோ தலைவர்களுக்கு ரோமானிய அங்கி போர்த்திவிட்ட கலை இது. ஃப்ளாக்ஸ்மன் தஞ்சாவூரைப் பார்த்ததில்லை. இருந்தும் தலைப்பாகையோடு, தன் நாட்டு உடையில் மன்னரை நிறுத்தினார். இந்தியர் இதில் மூலையில் மண்டியிடும் அடையாள உருவம் அல்ல, காட்சியின் நடுவே துக்கப்படுகிற மனிதர். கடைசிவரை இந்துவாகவே இருந்த ஒரு மன்னர் கிறிஸ்தவ தேவாலயத்துச் சுவரில் பாதிரியாரின் கையைப் பிடித்தபடி இருப்பதும், அவரே அப்படி இருக்க விரும்பியதும்தான் எனக்கு இந்தச் சிற்பத்தின் உயிர்.

கம்பெனியும் சும்மா இருக்கவில்லை. சென்னைக் கோட்டையிலுள்ள செயின்ட் மேரி தேவாலயத்தில் சுவார்ட்ஸுக்கு ஒரு பளிங்கு வைத்தது. செதுக்கியவர், நம் டங்கன் சிற்பத்தைச் செய்த அதே இளைய பேக்கன். காட்சியும் அதே மரணப் படுக்கை. திறமைக்குக் குறைவில்லை. ஆனால் அது ஒரு நிறுவனம், தனக்கு உதவியவருக்குச் செய்த மரியாதை. தஞ்சாவூரில் இருப்பது வளர்ப்புப் பிள்ளை செய்த கடன்.

சுவார்ட்ஸ் 1779-இல் கட்டிய அந்தத் தஞ்சாவூர்த் தேவாலயம் சிவகங்கைப் பூங்காவை ஒட்டி இருக்கிறது. பெரிய கோயிலிலிருந்து நடந்தே போய்விடலாம். விடுமுறைக்குக் குலதெய்வம் கும்பிடப் போகும் சயான் குடும்பங்கள் பெரிய கோயிலையும் சரஸ்வதி மகாலையும் பார்த்துவிட்டு ரயிலேறிவிடுகின்றன. அடுத்த முறை இதற்கும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். பிள்ளைகளையும் அழைத்துப் போய், கையைப் பிடித்திருப்பவர் யார் என்று காட்டுங்கள்.