கடனாளிகள் கரையேறிய ஊர்

ஹவுராவில் பண்டேல் லோக்கல் பிடித்தால் முக்கால் மணி நேரத்துக்குள் செராம்பூர். (வங்காளிகள் வாயில் அது ‘ஸ்ரீராம்பூர்’.) ஸ்டேஷனில் இறங்கி ‘நிஷான் காட்’ என்று சொன்னால் ரிக்‌ஷாக்காரர் ஹூக்ளி ஆற்றங்கரையில் கொண்டுபோய் விடுவார். நிஷான் என்றால் கொடி. அந்தப் படித்துறையில் ஒரு காலத்தில் பறந்தது டென்மார்க் தேசத்துக் கொடி. அதன் பக்கத்தில்தான் இருக்கிறது டென்மார்க் டாவர்ன்.

டாவர்ன் என்றதும் நம்ம ஊர் ஒயின் ஷாப்பை நினைத்துக்கொள்ள வேண்டாம். சத்திரம் மாதிரி, ஆனால் காசு கொடுத்துத் தங்க வேண்டும். 1786-ல் இதைத் திறந்தவர் ஜேம்ஸ் பார் என்ற ஆங்கிலேயர். அதற்கு முன் கல்கத்தாவில் ‘லண்டன் டாவர்ன்’ நடத்தியவர். ‘கல்கத்தா கெஜட்’டில் விளம்பரம் கொடுத்தார். ஆற்றில் மேலும் கீழும் போகிற கனவான்களுக்கு வேளாவேளைக்குச் சாப்பாடு உண்டு, பில்லியர்ட்ஸ் மேஜை உண்டு, செய்தித்தாள் படிக்கக் காபி அறை உண்டு. ரயில் இல்லாத காலம். முர்ஷிதாபாத், பாட்னா போகிறவர்களெல்லாம் பஜ்ரா என்கிற வீட்டுப் படகில்தான் போக வேண்டும். கல்கத்தாவிலிருந்து சுமார் 25 கிலோமீட்டரில், கை கால் நீட்ட ஓர் இடம். இடத்தைத் தேர்ந்தெடுத்ததில் மனிதர் கெட்டிக்காரர்.

ஆனால் ஓர் ஆங்கிலேயர் ஏன் டென்மார்க்காரன் மண்ணில் கடை போட வேண்டும்?

வங்காள நவாப் அலிவர்தி கானிடம் அனுமதி வாங்கி டென்மார்க்காரர்கள் இங்கே வந்தது 1755-ல். தங்கள் ராஜா ஐந்தாம் பிரடெரிக் பெயரில் ஊருக்கு ‘பிரடெரிக்ஸ்நகோர்’ என்று பெயர் வைத்தார்கள். தலைமையகம் எது தெரியுமோ? நம்ம தரங்கம்பாடி! 1620-ல் தஞ்சை ரகுநாத நாயக்கர் கொடுத்த இடம். அங்கிருந்துதான் இந்த ஊருக்கு உத்தரவு வரும்.

இனி வருவது என் தொழில் சம்பந்தப்பட்ட விஷயம், அதனால் கொஞ்சம் விரிவாக. கிழக்கிந்தியக் கம்பெனி ஊழியர்கள் சம்பளத்துக்கு மேல் சொந்த வியாபாரத்திலும் ‘இதர’ வழிகளிலும் கொள்ளை கொள்ளையாய்ச் சம்பாதித்தார்கள். சம்பாதித்ததை ஐரோப்பாவுக்கு அனுப்புவதுதான் பிரச்சினை. கம்பெனி வழியாக அனுப்ப வரம்பு இருந்தது, கேள்வியும் வரும். என்ன செய்வார்கள்? செராம்பூரில் டென்மார்க் வியாபாரிகளிடம் ரூபாயாகக் கொடுத்துவிடுவார்கள். அவர்கள் அதில் துணியும் பட்டும் வெடியுப்பும் வாங்கிக் கப்பலேற்றி, கோபன்ஹேகனில் விற்பார்கள். கொடுத்தவர் உண்டியலைக் காட்டி ஐரோப்பாவில் பணத்தைப் பெற்றுக்கொள்வார். இன்றைக்கு இதைச் செய்தால் எத்தனை இலாகாக்களிலிருந்து கடிதம் வரும் என்று எனக்குத் தெரியும்!

பிரிட்டன் பிரெஞ்சுக்காரர்களோடு சண்டை போட்ட வருஷங்களில் இந்த ஊருக்குச் சுக்கிர திசை. டென்மார்க் நடுநிலை நாடு. அதன் கொடி பறக்கும் கப்பலை எதிரி பிடிக்க மாட்டான், இன்ஷூரன்ஸும் குறைவு.

இன்னொரு கூட்டமும் வந்தது. கல்கத்தாவில் கடன் வாங்கிக் கட்ட முடியாதவர்கள். கல்கத்தா கோர்ட்டின் வாரண்ட் டென்மார்க் மண்ணில் செல்லாது. ராத்திரியோடு ராத்திரியாகப் படகேறி இங்கே இறங்கிவிட்டால் கடன்காரன் கரையில் நின்று கத்த வேண்டியதுதான். வராக் கடன்களோடு மாரடிக்கிறவன் என்ற முறையில் எனக்கு அந்தக் கடன்காரன் மேல்தான் பரிதாபம்.

ஆனால் அதே பாதுகாப்புதான் வில்லியம் கேரிக்கும் கிடைத்தது. மிஷனரிகளைக் கம்பெனி தன் எல்லைக்குள் விடவில்லை. டென்மார்க் கவர்னர் ஓலே பீ இடம் கொடுத்தார். 1800-ல் கேரியும் மார்ஷ்மனும் வார்டும் இங்கே அச்சகம் வைத்தார்கள். 1818-ல் ‘சமாச்சார் தர்ப்பண்’ என்ற வங்காளப் பத்திரிகையும் செராம்பூர் கல்லூரியும் வந்தன. கடனாளிக்கும் பாதிரிக்கும் ஒரே வேலிதான் மறைவு.

ஓலே பீ ஆரம்பித்த புனித ஓலாவ் தேவாலயத்துக்கு எதிர்க்கரை பாரக்பூரில் மாளிகை எழுப்பிய வெல்லெஸ்லி பிரபுவே ஆயிரம் ரூபாய் கொடுத்தார். நட்பு அவ்வளவுதான். 1807-ல் பிரிட்டிஷார் கோபன்ஹேகனைக் குண்டு வீசித் தாக்கினார்கள். 1808-ல் செராம்பூரையும் எடுத்துக்கொண்டார்கள். 1815-ல் திருப்பிக் கொடுத்தபோது ஊரில் வியாபாரமே இல்லை. மான்செஸ்டர் துணி வந்துவிட்டது.

1845-ல் தரங்கம்பாடி, செராம்பூர், பாலசோரில் இருந்த சிறு இடம் எல்லாம் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்குக் கம்பெனியிடம் விற்றுவிட்டார்கள். கல்லூரிக்கு 1827-ல் டென்மார்க் ராஜா கொடுத்த பட்டமளிக்கும் உரிமை மட்டும் அந்த ஒப்பந்தத்தில் காப்பாற்றப்பட்டது. அதனால்தான் மதுரை அரசரடியில் இறையியல் படிப்பவருக்கும் செராம்பூர் பெயரில் பட்டம் வருகிறது.

1854-ல் ரயில் வந்தது. படகுப் பயணிகள் போனார்கள், சணல் ஆலைகள் வந்தன. டாவர்ன் கூரை இடிந்து, சுவரில் மரம் முளைத்துக் கிடந்தது. டென்மார்க் தேசிய அருங்காட்சியகம் முன்வந்து, இங்குள்ளவர்களோடு சேர்ந்து கட்டடத்தை மீட்டது, 2018-ல் திறந்தார்கள். தரங்கம்பாடியில் கவர்னர் பங்களாவைப் புதுப்பித்ததும் அவர்கள்தான்.

உள்ளே உட்கார்ந்து ஒரு காபி குடித்தேன். நம்மூர் டிகிரி காபி ருசி இல்லை. வெளியே வந்தபோது ஆற்றில் ஏற்றம் தொடங்கியிருந்தது. செங்கல் ஏற்றிய படகு ஒன்று மேல்நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.