பூச்சு மேல் பூச்சு: எக்ஸ் கதிரைத் திருப்பிய கதை



உங்களில் பலருக்கு ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம்தான் வேலை. ஸ்ரீபெரும்புதூரில் செயின்ட் கோபைன் ஆலை 2000 முதல் கண்ணாடி செய்கிறது. பெரிய கட்டடங்களில் வெயிலைத் தணிக்கும் பூச்சுக் கண்ணாடியும் அங்கே தயாராகிறது. அப்படிப்பட்ட பூச்சுக்கு உலகம் முழுக்கக் கையாளும் முறை ஒன்று உண்டு. காற்றை உறிஞ்சி எடுத்த அறையில் கொஞ்சம் ஆர்கான் வாயுவை விட்டு, அதன் அயனிகளை உலோகத் தகட்டில் மோதவைப்பார்கள். பெயர்ந்து வரும் அணுக்கள் எதிரே இருக்கும் கண்ணாடியில் படியும். விண்வெளித் தொலைநோக்கிக்கு ஆடி செய்வதும் இதே முறையில்தான். அந்த வரலாறு இது.

1895இல் ராண்ட்ஜன் கண்டுபிடித்த எக்ஸ் கதிர், ஆடியில் நேராக விழுந்தால் திரும்பாது. ஓட்டாஞ்சில்லைக் குளத்தில் சாய்த்து எறிந்தால் தத்திப் போகுமல்லவா? அதுபோல மிகச் சாய்வாக விழுந்தால் இந்தக் கதிரும் திரும்பும் என்று 1923இல் காம்ப்டன் காட்டினார். 1952இல் வோல்ட்டர் அதற்கேற்ற ஆடி வடிவத்தை வகுத்தார். அவர் மனத்தில் இருந்தது நுண்ணோக்கி. அதை வானத்தின் பக்கம் திருப்பியவர்களில் முதன்மையானவர் ஜியாக்கோனி, 2002இல் நோபல் பெற்றவர். நம் சந்திரசேகரின் பெயர் தாங்கி 1999இல் பறந்த சந்திரா தொலைநோக்கியும் இவ்வகைதான்.

ஆனால் கதிரின் ஆற்றல் கூடக்கூட, அது திரும்பும் கோணம் சுருங்கிக்கொண்டே போகும். சுமார் 10 கிலோ எலெக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல் ஓர் உலோகப் பூச்சை மட்டும் நம்ப முடியாது. அதற்கு வழி, கன உலோகம் ஒன்று, இலேசான பொருள் ஒன்று என மாற்றி மாற்றி அடுக்குவது. ஒவ்வோர் அடுக்கின் எல்லையும் கதிரில் கொஞ்சத்தைத் திருப்பும். தடிமன் சரியாக இருந்தால் அத்தனையும் ஒன்றுகூடும். பிராக் விதி படித்தது நினைவிருக்கும். அடுக்குகளின் தடிமனைப் படிப்படியாக மாற்றினால் பல ஆற்றல்களையும் பிடிக்கலாம்.

சொல்வது எளிது. அமெரிக்காவின் கால்டெக்கில் ட்யூமண்ட், யூட்ஸ் இருவரும் தங்கத்தையும் செம்பையும் இப்படி அடுக்கினார்கள். நாளாக ஆக இரு உலோகங்களும் ஒன்றுக்குள் ஒன்று ஊடுருவி, ஆடி மங்கிப்போனது. அவர்கள் தளரவில்லை. மங்கும் வேகத்தை அளந்து, உலோகம் உலோகத்துக்குள் ஊடுருவும் வேகத்தைக் கணக்கிட்டு 1940இல் கட்டுரையாக வெளியிட்டார்கள்.

72 ஆண்டுகள் கழித்து, 2012 ஜூன் 13 அன்று, அதே கால்டெக்கின் பியோனா ஹாரிசன் தலைமையில் நூஸ்டார் பறந்தது. அதில் இரண்டு ஆடித் தொகுதிகள்; ஒவ்வொன்றிலும் ஒன்றுக்குள் ஒன்றாக 133 கூடுகள். கண்ணாடியின் தடிமன் சுமார் 0.2 மில்லிமீட்டர், மின்னணுத் திரைகளுக்கென்று உருவான வகை. உள்ளே இருக்கும் 89 கூடுகளுக்குப் பிளாட்டினமும் கார்பனும், வெளியே இருக்கும் 44 கூடுகளுக்கு டங்ஸ்டனும் சிலிக்கானும் டென்மார்க்கில் பூசப்பட்டன. ஒவ்வோர் அடுக்கும் நானோமீட்டர் கணக்கு. 79 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் வரை பார்க்கும். அதற்கு மேல் பிளாட்டினமே கதிரை விழுங்கிவிடும்.

பலன்? காசியோபியா ஏ என்ற வெடித்த விண்மீனின் எச்சத்தில் டைட்டானியம்-44 எங்கெங்கே சிதறிக் கிடக்கிறது என்ற படம் 2014இல் வெளிவந்தது. விண்மீன் எல்லாப் பக்கமும் சீராக வெடிக்கவில்லை என்று அதில் தெரிந்தது.

நம் நாடு? 2015 செப்டம்பர் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பறந்த அஸ்ட்ரோசாட்டில், மும்பை டாடா ஆராய்ச்சி நிறுவனம் செய்த தங்கப்பூச்சு ஆடிகள் உண்டு. அவை 8 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் வரைதான். அதற்கு மேற்பட்ட கதிருக்கு அதில் குவிக்கும் ஆடி இல்லை; துளையிட்ட தகட்டின் நிழலைக் கொண்டு திசையைக் கணிக்கும் கருவி இருக்கிறது. இந்தூரின் ராஜா ராமண்ணா மையத்தில் பல்லடுக்கு ஆடிகள் செய்து சோதிக்கிறார்கள். அகமதாபாத் இயற்பியல் ஆய்வகத்தார், அத்தகைய ஆடி எவ்வளவு கதிரைத் திருப்பும் என்று கணக்கிடும் மென்பொருளை 2021இல் வெளியிட்டார்கள். பெயர் தர்பன்எக்ஸ், தர்ப்பணம் என்றால் கண்ணாடி.

ஆக, கோட்பாடு நம்மிடம் இருக்கிறது, ஆய்வகமும் இருக்கிறது. இனி வேண்டியது, ஒரே தரத்தில் ஆயிரக்கணக்கான ஆடிகளைப் பிசகாமல் பூசும் கை. அந்தப் பழக்கம் ஆய்வகத்தைவிட ஆலைத் தளத்தில்தான் அதிகம் வளரும். பூச்சுப் பிரிவிலோ, வெற்றிடப் பம்பு பராமரிப்பிலோ இருப்பவர்கள் உங்கள் வேலையைப் பற்றிக் கீழே நாலு வரி எழுதுங்கள். பிளஸ் டூ படிக்கும் நம் வீட்டுப் பிள்ளைகள் படிக்கட்டும்.

அன்புடன்,
உங்கள் இயற்பியல் ஆசிரியர்