முன்னுக்குப் பின் முரணாக

நாளிதழ்களின் குற்றச் செய்திகளில் வரும் ஒரு வாக்கியம் நமக்கு மனப்பாடம். ரோந்து சென்ற போலீசார் சந்தேகத்தின் பேரில் வாலிபர் ஒருவரைப் பிடித்து விசாரித்தனர். அவர் முன்னுக்குப் பின் முரணாகப் பதில் அளித்தார். பிறகு வருவதெல்லாம் இதன் மேல்தான் கட்டப்படுகிறது. இந்தச் சொற்றொடருக்கு ஒரு வரலாறு உண்டு.

1898ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம், 109ஆம் பிரிவு. கண்ணுக்குத் தெரிந்த பிழைப்பு இல்லாதவரையும், தன்னைப் பற்றித் திருப்தியான விவரம் சொல்ல முடியாதவரையும் நடுவர் முன் நிறுத்தி நன்னடத்தைப் பிணை கேட்கலாம் என்றது அது. பிணை கொடுக்க ஆளில்லையென்றால் சிறை. திருட்டு என்று ஒன்று நடந்திருக்கவே தேவையில்லை. யாருக்குத் திருப்தி என்று சட்டம் சொல்லவில்லை. நாக்குக் குழறினால் போதும். 1973இன் சட்டம் அந்த வாசகத்தைக் கைவிட்டது. காவல் நிலையப் பழக்கம் கைவிடவில்லை.

இதன் இன்னொரு வேர் குற்றப் பரம்பரைச் சட்டம். 1871இல் வட இந்தியாவில் தொடங்கி, 1911இன் சட்டத்தோடு சென்னை மாகாணத்துக்கும் வந்தது. நம் மக்கள் அதை ரேகைச் சட்டம் என்றார்கள். குறவர்களை எடுத்துக்கொள்வோம். கடற்கரை உப்பைக் கழுதையிலும் மாட்டிலும் ஏற்றி உள்நாட்டுக்குக் கொண்டுபோய்த் தானியத்துக்கு மாற்றியவர்கள் அவர்கள். உப்பு வரியும் ரயிலும் அந்த வணிகத்தைச் சாய்த்தன. அதன் பின் அவர்கள் ஊர் ஊராகப் போனது, காரணமின்றித் திரிவதாகக் காவல்துறைக்குத் தெரிந்தது. கைரேகை, பதிவேடு, நேரம் தவறாமல் போய் நின்று காட்டும் ஆஜர். பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று ரேகை வைக்க மறுத்த பிரமலைக் கள்ளர் மக்கள்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. 16 பேர் மாண்டனர். அந்தச் சாதிக்கும் நமக்கும் உள்ள கணக்கு வேறு, அதை இங்கே மறைக்கவில்லை. ஆனால் ரேகை உருட்டிய மை ஒன்றுதான்.

சட்டம் சென்னை மாகாணத்தில் 1947இலும், நாடு முழுவதும் 1952 ஆகஸ்ட் 31 அன்றும் நீங்கியது. இடையிலேயே, 1948இல், வழக்கமான குற்றவாளிகள் சட்டம் சென்னையில் வந்துவிட்டது. பதிவேட்டின் அட்டை மாறியது. 1993இல் கம்மாபுரம் காவல் நிலையத்துக்கு ஒரு திருட்டு வழக்கில் கொண்டுபோகப்பட்ட முதனை ராஜாக்கண்ணு, குறவர். அங்கேயே அடித்துக் கொல்லப்பட்டார். தப்பி ஓடிவிட்டார் என்றது காவல்துறை. அவருடைய மனைவியும் வழக்கறிஞர் சந்துருவும் நடத்திய போராட்டத்தின் முடிவில், 2006இல் உயர்நீதிமன்றம் காவலர்களைத் தண்டித்தது. 'ஜெய் பீம்' படம் அவரை இருளராகக் காட்டியதால், அவர் குறவர் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இனி உள்ளே நடப்பதைப் பார்ப்போம். 1995இல் கிளாட் ஸ்டீல், ஜோஷுவா ஆரன்சன் என்ற இரு உளவியலாளர்கள் அமெரிக்கக் கறுப்பின மாணவர்களிடம் ஒன்றைக் கண்டார்கள். 'இவர்களுக்கு வராது' என்ற பொதுப்பேச்சு நினைவில் எழும் தேர்வில், அந்த நினைப்போடு மல்லுக்கட்டுவதிலேயே அறிவின் ஒரு பகுதி செலவாகி மதிப்பெண் குறைகிறது. கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே இருவரும் உத்தரப் பிரதேசக் கிராமத்தில் பள்ளிப் பையன்களுக்குப் புதிர்ப்பாதை விளையாட்டைக் கொடுத்தார்கள். சாதி தெரியாதவரை தலித் பையன்கள் மற்றவர்களுக்குச் சமமாகவே செய்தார்கள். எல்லார் முன்னும் சாதியைப் படித்துக் காட்டியதும் பின்தங்கினார்கள். சிந்தியா நஜ்டவ்ஸ்கியும் அவருடைய குழுவினரும் 2015இல் இதைக் காவலரோடான சந்திப்புக்குக் கொண்டுவந்தார்கள். குற்றவாளியாகவே பார்க்கப்படுவோம் என்ற எதிர்பார்ப்பு கறுப்பின ஆண்களிடம் கூடுதலாக இருந்தது. அந்த எதிர்பார்ப்பு பதற்றத்தைக் கூட்டுகிறது. பதற்றம் முகத்தில் தெரிகிறது. அந்த முகத்தைத்தான் காவலர் சந்தேகத்துக்குரியது என்று படிக்கப் பயின்றிருக்கிறார்.

நம் ஊரில் இதோடு இன்னொரு முடிச்சும் உண்டு. கண்ணைத் தாழ்த்து, கையைக் கட்டு, குரலை இறக்கு என்று தலைமுறைகளாகச் சொல்லிக் கொடுத்தது சாதி. அதே தாழ்ந்த கண் காவலர் முன் திருட்டு முழி. நிமிர்ந்து பார்த்தால் திமிர். இரண்டுக்கும் நடுவே நிற்க இடமே இல்லை.

வேலம்பாளையத்தில் ரெண்டு ஷிப்ட் முடிந்து இரவு ஒரு மணிக்கு மேல் திரும்பும் தோழர்களைக் கேட்டால் தெரியும். கொங்குக் கிராமங்களின் அருந்ததியர் பிள்ளைகள், தென்மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள், ஒடிசா, பீகார்க்காரர்கள் என்று ஓவர்லாக்கிலும் பவர் டேபிளிலும் செக்கிங்கிலும் வேலை செய்கிறவர்கள். முதல் கேள்வி, எந்த ஊர். அடுத்தது, ஊரில் எந்தப் பக்கம். எந்தப் பக்கம் என்றால் எதைக் கேட்கிறார் என்று நமக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். அந்த இடத்தில் ஒரு நொடி தயக்கம். தெருப்பெயரை மாற்றிச் சொல்லலாமா என்ற யோசனை. பொய்யும் மெய்யும் ஒன்றையொன்று இடிக்கின்றன. முன்னுக்குப் பின் முரண் பிறப்பது இங்கேதான். கம்பெனி அடையாள அட்டையைச் சட்டைக்கு வெளியே தொங்கவிட்டுக்கொண்டு, பதில்களை வாய்க்குள் ஒத்திகை பார்த்தபடி நடக்கும் பையன்களை நாங்கள் அறிவோம். ஒத்திகை பார்த்த பதில் ஒத்திகை பார்த்ததாகவே கேட்கும், அதுவும் சந்தேகம்தான். வடக்கத்தித் தோழருக்கோ மொழியே தயக்கம்.

சிறைகளில் சாதிப் பாகுபாடு பற்றிய சுகன்யா சாந்தா வழக்கில், 2024 அக்டோபர் 3 அன்று, சீர்மரபினர் காரணமின்றிக் கைது செய்யப்படக் கூடாது என்று உச்சநீதிமன்றம் காவல்துறைக்குச் சொல்லியிருக்கிறது. நல்லது. ஆனால் கைதுக்கு முன்னால் தெருவிளக்கின் கீழ் நடக்கும் அந்த ஐந்து நிமிடம் எந்தத் தீர்ப்பிலும் இல்லை. ஆகவே எங்கள் மன்றம் வைக்கும் கோரிக்கை சிறியது: முரணாகப் பதில் அளித்தார் என்று எழுதும் அதிகாரி, கேட்ட கேள்வியையும் கிடைத்த பதிலையும் சொல்லுக்குச் சொல் எழுதட்டும். 'ஊரில் எந்தப் பக்கம்' என்ற கேள்வியும் அந்தத் தாளில் இருக்கட்டும். நடுவர் அதைப் படிக்கட்டும்.